கையை விடாத கேடயம்

இதோ, இந்தக் குழம்புக் கொப்பரையின் மூடிமேல் கையடித்துச் சத்தியம் செய்கிறேன், உப்புக்காரரே: நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் நாக்கு இந்த அடுப்பிலேயே வேகட்டும், வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லும் உங்கள் உப்பு மூட்டைக்குள் உதிரட்டும், அடுத்த பிறவியிலும் நான் இதே ஸ்பார்ட்டாவில் இதே நாய்த்தோல் குல்லாவைப் போட்டுக்கொண்டு இதே பன்றி ரத்தத்தைக் கிண்டிக்கொண்டே சாகட்டும். ஊருக்கே கேட்கும்படி உரக்கச் சொல்கிறேன், அத்தனையும் உண்மை! உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கும் கேட்கட்டும். வேண்டாம், அவர்களுக்குக் கேட்க வேண்டாம். மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

நீங்கள் கடற்கரை ஆள். பொழுது சாய்வதற்குள் உங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், வெளியாள் ஒருவன் தங்கினால் அவனோடு வந்த நினைப்பும் தங்கிவிடும் என்று இங்கே அப்படி ஒரு பயம். அதனால் நான் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சுருக்கமாகப் பேசுவதில் இந்த ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை. வீடு பற்றி எரிந்தால் "சூடு" என்பார்கள், அத்தோடு சரி. நான் அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவன். அவர்கள் பேசாமல் விழுங்கிய சொல்லெல்லாம் எப்படியோ என் வயிற்றில் வந்து சேர்ந்துவிட்டது, அதை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டாமா?

எங்களை ஹெலட்டுகள் என்பார்கள். உழுவது நாங்கள், அறுப்பது நாங்கள், சமைப்பது நாங்கள், போருக்குப் போனால் மூட்டை தூக்குவதும் நாங்கள். அவர்களுக்கு ஒரே வேலை, வரிசையில் நிற்பது. வருஷா வருஷம் பதவிக்கு வருகிற ஐந்து அதிகாரிகளும் முதல் காரியமாக எங்கள்மேல் போர் அறிவிப்பார்கள், அப்படி அறிவித்துவிட்டால் எங்களில் ஒருவனைக் குத்திப் போட்டாலும் பாவம் ஒட்டாது என்று. இந்த ஊருக்கு மதில் கிடையாது, வரும்போது பார்த்திருப்பீர்கள். மதில் எங்கே என்று கேட்டால் தங்கள் ஆண்பிள்ளைகளைக் காட்டுவார்கள். அந்த மதிலுக்குச் செங்கல் கேடயம். போருக்குப் போகிறவன் கையில் தாய்தான் கேடயத்தைக் கொடுப்பாள். அதைத் தூக்கிக்கொண்டு வரலாம், அதன்மேல் பிணமாகக் கிடத்தப்பட்டும் வரலாம், அது இல்லாமல் மட்டும் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

இன்னொரு வழக்கம் சொல்கிறேன், இந்தக் கதைக்கு அதுதான் அச்சாணி. போர் முடிந்து வந்ததும் கேடயத்தைச் சுவரில் மாட்டுவார்கள், மாட்டுவதற்கு முன்னால் அதன் உள்பக்கத்து வெண்கல வளையத்தை, முழங்கை நுழைகிற அந்த வளையத்தை, கழற்றி வேறு எங்காவது பூட்டி வைப்பார்கள். வளையம் இல்லாத கேடயம் வெறும் தாம்பாளம். வளையம் இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கையில் மாட்டிக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் என்றால் யார்? எங்களைத்தான் சொல்கிறேன்.

பெரிலாஸ் என்று ஒருவன், ஆண்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து சாப்பிடுகிற இந்தக் கூடத்தில்தான் சாப்பிட்டான். நல்ல உயரம், நல்ல தோள், வரிசையில் நின்றால் நட்டுவைத்த கம்பம். ஒரு எல்லைச் சண்டை முடிந்து ஊர் திரும்பினான், யூரோட்டாஸ் ஆற்றில் முகம் கழுவினான், வீட்டுக்குப் போய்க் கேடயத்தைக் கழற்றக் கையை இழுத்தான், கை வரவில்லை. வெண்கலத்துக்கும் தோலுக்கும் நடுவில் மயிரிழை நுழைய இடம் இல்லை. வளையம் முழங்கையில் முளைத்தது மாதிரி இருந்தது, கைப்பிடியைப் பிடித்த விரல்கள் கைப்பிடியோடே வார்த்தது மாதிரி இருந்தன. அவன் மறுபடி இழுக்கவில்லை. கேடயத்தோடே சாப்பாட்டுக்கு வந்தான்.

"கழலல," என்றான்.

"நல்லது," என்றார் கூடத்தின் மூத்தவர்.

"வலிக்குதா?" என்று கேட்டது அல்கிப்போஸ். போர் வரிசையில் பெரிலாஸுக்கு இடப்பக்கம் நிற்பவன் அவன். ஒருவன் கேடயத்தில் பாதி அவனுக்கு, மீதிப் பாதி இடப்பக்கத்துக்காரனுக்கு, அதுதான் இவர்களுடைய கணக்கு. கூடத்திலேயே கொஞ்சம் சிரிக்கத் தெரிந்த வாய் அல்கிப்போஸுடையது.

"இல்ல."

"அப்ப ரொட்டிய எடு. வலது கை கழண்டுதானே இருக்கு?"

அவ்வளவுதான், உப்புக்காரரே. உங்கள் ஊராக இருந்தால் கோவிலுக்கு ஓடியிருப்பீர்கள், குறி கேட்டிருப்பீர்கள், வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடி முறுக்கு விற்றிருப்பீர்கள். இங்கே நான் குழம்பு ஊற்றினேன், அவர்கள் குடித்தார்கள். சுற்றுப்பட்டு ஊரிலிருந்து ஒரு கொல்லனை வரவழைத்தார்கள். அவன் தட்டிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், வெண்கலத்தை வெட்டலாம் அல்லது கையை வெட்டலாம் என்றான். ஐந்து அதிகாரிகளும் கூடி யோசித்தார்கள். கேடயத்தை வெட்டினால் ஊருக்குக் கேவலம், கையை வெட்டினால் ஊருக்கு நஷ்டம். ஆகவே அப்படியே இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. வளையத்தோடு ஒரு கேடயம் வீட்டுக்குள் இருப்பது பற்றி மட்டும் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள், பிறகு அந்த வீட்டு ஹெலட்டுகள் இனி வெளியே மாட்டுக் கொட்டிலில் படுக்கட்டும் என்று அதையும் முடித்துவிட்டார்கள். பகலில் இங்கே சமைத்துவிட்டு இரவில் அந்த வீட்டில் படுக்கிறவன் நான்; ஒன்றும் செய்யாத எங்களுக்குத்தான் முதல் தண்டனை. அதுவும் அதிசயத்தில் சேராது, அது வழக்கம்.

அதற்குப் பிறகுதான் ஊர் பெருமைப்பட ஆரம்பித்தது. பெரிலாஸின் தாய் அரெத்தா, ஆணி அடித்தாலும் இறங்காத மனுஷி, மகனோடு சந்தை நடுவில் நடந்தாள். மற்றத் தாய்மார் தங்கள் மகன்களை இழுத்துவந்து அந்த வெண்கலத்தைத் தொடச் சொன்னார்கள். பயிற்சிக் களத்துப் பையன்கள் தங்களுக்கும் ஒட்டட்டும் என்று தோல்வாரால் கேடயத்தை முழங்கையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தார்கள், விடிந்து பார்த்தால் கை மரத்துப்போய்த் தடித்திருந்ததே தவிர ஒட்டவில்லை, ஒட்டவில்லையே என்று ஒருவன் அழுதான், அழுததற்காக அவனுக்குச் சவுக்கடி விழுந்தது. பெண்கள் கேடயத்தின் விளிம்பிலிருந்து பச்சைக் களிம்பைச் சுரண்டிக்கொண்டு போனார்கள், மசக்கைக்கு நல்லதென்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அந்த யாரோ நான்தான், அதை விடுங்கள்.

பெரிலாஸும் பெருமைப்பட்டான், முதலில். ஆற்றில் இறங்கினால் கேடயம் அவனை அடிக்கு இழுத்தது, அதனால் கரையில் உட்கார்ந்து குளித்தான். வாசலில் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தான். படுக்கையில் அவனுக்கும் மனைவி மிர்த்தோவுக்கும் நடுவில் வெண்கலம் படுத்தது. கிணற்றடியில் பெண்கள் ஜாடையாகக் கேட்டபோது மிர்த்தோ, "நாங்க மூணு பேர் படுக்கிறோம், நடுவுல இருக்கிறவன்தான் குறட்டை விடறதில்ல," என்றாள். அவளும் இந்த ஊர்க்காரிதான், ஓட்டப் பந்தயத்தில் ஆண்பிள்ளைகளை முந்தியவள். ஆனால் அவள் தோளெல்லாம் கன்றிப்போயிருந்ததை நான் பார்த்தேன்.

அவள் உண்டானாள். அன்றைக்குத்தான் பெரிலாஸ் முதன்முதலாக அடுக்களைப் பக்கம், என்னிடம், வந்தான்.

"எண்ணெய் இருக்கா?"

ஆலிவ் எண்ணெய் ஊற்றினேன், வாத்துக் கொழுப்புத் தடவினேன், வெந்நீர் விட்டேன், புளிக்காடி விட்டேன், பன்றி ரத்தமும் விட்டுப் பார்த்தேன். இம்மி நகரவில்லை.

"இருந்துட்டுப் போகட்டுமே, ஐயா. ஊரே கொண்டாடுது."

"பிள்ளையத் தூக்க ரெண்டு கை வேணும்," என்றான்.

ஒரு ஸ்பார்ட்டாக்காரன் ஒரு ஹெலட்டிடம் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பிள்ளை பிறந்தது, நாள் நிறையாமல், பெண்ணாக, என் அகப்பை அளவு. இந்த ஊரில் பிறந்த பிள்ளையைத் தண்ணீரில் குளிப்பாட்ட மாட்டார்கள். திராட்சை மதுவில் முக்குவார்கள், உரமுள்ளது தாங்கும், இல்லாதது வலிப்பில் வெட்டி இழுக்கும். இது நீலம் பாய்ந்து வெட்டி இழுத்தது, பிறகு வேண்டாவெறுப்பாக மூச்சு விட்டது. பெற்றவர்கள் விரும்பினால் மட்டும் இங்கே பிள்ளை வளராது. தகப்பன் தன் கையால் தூக்கிக்கொண்டுபோய் மூத்தோர் கூடத்தில் காட்ட வேண்டும், அவர்கள் தொட்டுப் பார்த்து, தேறும் என்றால் நிலம் எழுதுவார்கள், தேறாது என்றால் தைகெட்டஸ் மலையடியில் வீசிவிட ஒரு பள்ளம் இருக்கிறது. அதை மிர்த்தோ அறிவாள், அவன் அறிவான், கொட்டிலில் படுத்திருந்த நாங்களும் அறிவோம்.

"ஒத்தைக் கையில தூக்கினா விழுந்துடும்," என்றாள் மிர்த்தோ. "இதுல போடு."

கேடயத்தை மல்லாத்தினான். வெளியே இருந்து பார்க்கிறவனுக்குக் கேடயம் தட்டு. உள்ளே இருந்து பார்த்தால் அது குழிந்த பெரிய கிண்ணம். அதில் அவள் பிள்ளையைக் கிடத்தினாள். பிள்ளை வெண்கலத்தில் கன்னத்தை வைத்தது, கண்ணை மூடியது, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நன்றாகத் தூங்கியது.

மது ஜாடியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே போனேன், ஆகவே இது காதால் கேட்டதில்லை, கண்ணால் பார்த்தது. மூத்தவர்களில் மூத்தவர் போலிதாஸ் குனிந்து பிள்ளையின் தொடையைப் பிடித்துப் பார்த்தார், விலாவைத் தடவிப் பார்த்தார்.

"பள்ளம்," என்றார்.

தூக்கப் போனார், பிள்ளை வரவில்லை. இன்னொருவர் வந்து தூக்கினார், வரவில்லை. கேடயம் அவன் கையை விடாதது போலவே பிள்ளையையும் விடவில்லை. அவள் முதுகு வெண்கலத்தோடு ஒட்டிக் கிடந்தது, அவள் பாட்டுக்குக் கொட்டாவி விட்டாள்.

"கேடயத்தோட போட்டுரலாம்," என்றார் ஒருவர்.

"ஆளும் கூடப் போவானே."

"ஆள் போகலாம்," என்றார் போலிதாஸ். "கேடயம் போகக் கூடாது."

கேடயத்தை எறிந்தவன் என்பதைவிடக் கேவலமான வசவு இந்த ஊரில் கிடையாது, அதை எறி என்று எந்த வாயால் சொல்வது? எறியாதே என்றால் தேறாத பிள்ளை ஊருக்குள் வளரும், அதை எந்த வாயால் சொல்வது? அவர்கள் போட்ட சட்டம் ஒன்றின் வாலை இன்னொன்று கவ்விக்கொண்டு வட்டமாக நின்றது, அவர்கள் அதற்கு நடுவில் நின்றார்கள்.

"நாளைக்கு," என்றார் போலிதாஸ் கடைசியில்.

மறுநாளும் நாளைக்கு என்றார். அதற்கு மறுநாளும். இப்படி ஊர் அதையும் பழகிக்கொண்டது. பெரிலாஸ் தினமும் பிள்ளையைச் சுமந்து மூத்தோர் கூடத்துக்குப் போவான், அவர்கள் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள், அவன் திரும்பி வருவான். அவன் நிழல் ஆற்றங்கரை மரத்தைத் தாண்டினால் பெண்கள் உலை வைத்தார்கள். மிர்த்தோ கேடயத்துக்குள் குனிந்து பால் கொடுத்தாள். பிள்ளை வெண்கலத்தில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. ஊர் ஏற்றுக்கொள்ளாத பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கூடாது, ஆகவே அதை "அது" என்றே சொன்னார்கள். கொட்டிலில் நாங்கள் கரண்டி என்று கூப்பிட்டோம். கிண்ணத்தில் கிடப்பது வேறென்ன? ஒருநாள் மிர்த்தோ கேட்டுவிட்டாள்.

"யார் அந்தப் பேரை வச்சது?"

"காத்து, தாயே."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் அவள் வாயிலிருந்தே கேட்டேன்: "கரண்டி, பால் குடி."

இந்தச் சிக்கலை அவிழ்க்க அரெத்தாவுக்கு மட்டும் வழி தெரிந்திருந்தது. மகனிடம் சொன்னாள்: "போர் வரும்." அவ்வளவுதான் சொன்னாள், கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். போர் வந்தால் பெரிலாஸ் முன்வரிசையில் நிற்பான். முன்வரிசையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, உப்புக்காரரே. ஈட்டி எல்லாம் முதல் மூச்சுக்குத்தான். பிறகு தள்ளுமுள்ளு. எதிரிக் கேடயம் நம் கேடயத்தை முட்டும், பின்னால் நிற்கிறவன் தன் கேடயத்தால் நம் முதுகைத் தள்ளுவான், அவனை அவனுக்குப் பின்னால் இருப்பவன் தள்ளுவான், கேடயத்தின் குழிவு நம் மார்போடு வந்து அழுந்தும். அந்தக் குழிவில்தான் கரண்டி கிடந்தாள். பள்ளத்தில் போட வேண்டாம், எறிய வேண்டாம், யாரும் யாருக்கும் கட்டளை இட வேண்டாம்; ஸ்பார்ட்டாவே சேர்ந்து தள்ளும், தகப்பன் மார்பே நசுக்கும், பெரிய மரியாதையோடு எல்லாம் முடிந்துவிடும். அன்றிலிருந்து தெருவில் போகிறவர்கள் பிள்ளையைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூட ஆரம்பித்தார்கள். போகப்போகிற விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பது போல.

பெரிலாஸ் எங்கே போவான், சொல்லுங்கள். மதில் இல்லாத ஊர், எந்தப் பக்கமும் திறந்த வெளி, ஆனால் ஒருவனாலும் வெளியேற முடியாது.

போர் வந்தது. மலைக்கு அந்தப்பக்கத்தார் எல்லைக் கல்லைப் பிடுங்கினார்களோ, பிடுங்கியதாக இவர்கள் சொன்னார்களோ. புறப்படுகிற அன்று வழக்கப்படி அரெத்தா மகன் முன்னால் வந்து நின்று, கொடுப்பதற்குக் கேடயம் இல்லாததால் அதன் விளிம்பை மட்டும் தொட்டு, தாய்மார் சொல்வதைச் சொன்னாள். உள்ளே கிடந்ததைப் பார்க்கவில்லை. அடுத்து மிர்த்தோ வந்தாள். மனைவி பேசுவது வழக்கமில்லை.

"மதியத்துக்கு அவளுக்குப் பசிக்கும்," என்றாள்.

வரிசையில் பக்கத்தில் நின்ற அல்கிப்போஸ் அதைக் கேட்டான். நேராகப் பார்த்துக்கொண்டுதான் நின்றான், ஆனால் கேட்டான்.

கொப்பரையையும் மூட்டைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். போர்க்களத்தில் உட்கார்ந்து இவர்கள் நீளத் தலைமயிரைச் சீவிக்கொள்வார்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி. பெரிலாஸ் ஒற்றைக் கையால் சீவினான், கரண்டி அவன் மயிரைப் பிடித்து இழுத்தாள். பலிக்கு ஆட்டை வெட்டினார்கள். குழல் ஊதினார்கள். இவர்கள் ஓடிப்போய் மோத மாட்டார்கள், குழலுக்கு அடியெடுத்து வைத்து நடந்துபோவார்கள், அதைப் பார்த்தே எதிரி ஓர் அடி பின்வாங்குவான். பிள்ளைக்குக் குழல் பிடித்துவிட்டது. அத்தனை சிவப்புப் போர்வைக்கும் அத்தனை ஈட்டிக்கும் நடுவிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது, வண்டிக்கருகில் நின்ற எனக்கே கேட்டது.

மோதினார்கள். ஈட்டிகள் முறிந்தன. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பின்வரிசைக்காரர்கள் கால்களை மண்ணில் ஊன்றித் தோளைத் தாழ்த்தினார்கள், தள்ளுவதற்கு. பெரிலாஸ் கேடயத்தை மார்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான், எவ்வளவு பிடிக்க முடியுமோ அவ்வளவு. ஒருவன் பலத்துக்கு எதிராக ஊர் பலம். சிரிப்பு நின்றுபோய் அழுகை வந்தது. அவன் நகரவில்லை. நட்டுவைத்த கம்பம். அவன் நகர்ந்தால் அல்கிப்போஸின் வலப்பக்கம் திறந்துவிடும், ஒரு ஈட்டி போதும்.

அப்போது அல்கிப்போஸ், தலையைத் திருப்பாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

"மதியம் ஆச்சு."

பெரிலாஸ் திரும்பினான்.

முதல் அடி வைத்தான், முழங்கையில் வளையம் தளர்ந்தது. அடுத்த அடியில் விரல்கள் விரிந்தன. அடுத்த அடியில் கை, எண்ணெய் தேய்த்த விரலிலிருந்து மோதிரம் வருவது போல, வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, கரண்டி வெண்கலத்திலிருந்து உரிந்து அவன் மார்பில் விழுந்தாள், அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினான். ஓடினான், உப்புக்காரரே. சொந்த வரிசையைப் பிளந்துகொண்டு, பின்வரிசைக்காரர்கள் வாயைப் பிளந்து நிற்க, வண்டிகளைத் தாண்டி, என்னைத் தாண்டி ஓடினான். அழுதுகொண்டு ஓடினான், அவனுடைய இடது கை வெளுத்துப்போய்ச் சுருங்கி, பிறந்த குழந்தையின் கை மாதிரி இருந்தது, அந்தக் கையால் அவள் தலையைத் தாங்கியிருந்தான்.

போரில் இவர்கள்தான் ஜெயித்தார்கள். எப்போதும் இவர்கள்தான். அல்கிப்போஸுக்குத் தோளில் ஈட்டி இறங்கியது, சாகவில்லை, இன்றைக்கும் வலது கையைக் காதுக்குமேல் தூக்க முடியாது.

கேடயத்தை விட்டு ஓடியவனுக்கு நடுங்கி என்று பெயர். தாடியில் ஒரு பாதியை மழித்துவிடுவார்கள், ஒட்டுப் போட்ட கந்தலைத்தான் உடுத்த வேண்டும், எதிரே சின்னப் பையன் வந்தாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும், அவனுக்கு எந்த வீட்டிலும் அடுப்பு நெருப்புக் கொடுக்கக் கூடாது, எந்தக் கூடத்திலும் உட்காரக் கூடாது, அவனோடு யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அரெத்தா தெருவில் நின்று, "எனக்கு மகன் பிறக்கல," என்று ஒருமுறை சொல்லிக் கதவைச் சாத்தினாள். பெரிலாஸ் ஆற்றோரத்தில் நாணலால் ஒரு குடிசை போட்டான். மிர்த்தோ யாரிடமும் கேட்காமல் தன் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டாள்.

மூத்தோர் கூடத்துக்கு இப்போது உற்சாகம். பிள்ளைதான் கேடயத்திலிருந்து கழன்றுவிட்டதே, இனி பார்த்துவிடலாம். சரி, யார் கொண்டுவருவது? தகப்பன்தான் கொண்டுவர வேண்டும். தகப்பனோ கூடத்துக்குள் வரக் கூடாது. அவன் வரலாம் என்று விலக்குக் கொடுத்தாலும் அதை அவனிடம் போய்ச் சொல்வது யார்? அவனோடுதான் பேசக் கூடாதே. போலிதாஸ் மூன்று தரம் வாயைத் திறந்தார், மூன்று தரமும் மூடினார். கடைசியில், "நாளைக்கு," என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆக, அவள் வளர்ந்தாள். நடந்தாள், பேசினாள், ஐயோ என்ன பேச்சு, என்னைவிட மோசம். அவளுக்கு வாய் வந்த பிறகுதான் ஊர் ஒன்றைக் கண்டுபிடித்தது: பெரிலாஸோடு பேசக் கூடாது என்றுதான் சட்டம், கரண்டியோடு பேசக் கூடாது என்று இல்லை, ஊர் ஏற்காத பிள்ளை, ஊர்ச் சட்டத்தில் அவள் இல்லவே இல்லை. முதலில் தொடங்கியது அல்கிப்போஸ். ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவன் போலக் குடிசைப் பக்கம் போய், பெரிலாஸ் முன்னாலேயே நின்றுகொண்டு, "கரண்டி, உங்கப்பன்கிட்ட சொல்லு, தோள் குளிர்காலத்துல மட்டும்தான் வலிக்குது," என்றான்.

"அப்பா, தோள் குளிர்ல மட்டும் வலிக்குதாம்."

"எண்ணெய் தடவச் சொல்லு, கரண்டி."

"எண்ணெய் தடவணுமாம், மாமா. எனக்கு என்ன கொண்டு வந்தீங்க?"

இப்படி ஒருவர் பின் ஒருவராக. குதிரைக்குக் கால் சுளுக்கினால், வரப்புத் தகராறு வந்தால், மனசு கனத்தால், கரண்டியிடம் வந்து சொன்னார்கள், தகப்பன் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு சொல்லை மிச்சம் பிடித்து வாழ்ந்த ஜனங்கள் அந்தச் சின்ன வாய் வழியாக எவ்வளவு பேசினார்கள் தெரியுமா? ஆனால் அவன் கண்ணைப் பார்த்து ஒருவரும் பேசவில்லை. அவனும் வேறு ஒருவர் பெயரையும் உச்சரிக்கவில்லை. இரண்டு கையும் விடுதலை, வாய்க்கு மட்டும் பூட்டு, சாவி ஒரு சிறுமியிடம்.

அரெத்தாவும் வந்தாள். நான் நாணல் அறுக்கிற சாக்கில் அங்கே இருந்தேன். வேலிக்கு வெளியே நின்றாள், வெகுநேரம் நின்றாள், கிழட்டு முதுகை வளைக்காமல்.

"கரண்டி."

"ம்?"

"உங்கப்பனோட கை. இடது கை. சரியாயிடுச்சா?"

கரண்டி அப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எழுந்து வந்து, அந்த இடது கையால் மகளைத் தூக்கி, தாயின் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினான். ஒற்றைக் கையால். கரண்டி கத்திச் சிரித்தாள். அரெத்தா அண்ணாந்து பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு போனாள். வழியில் இரண்டு தரம் நின்றாள், திரும்பவில்லை.

அந்தக் கேடயம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? எதிரி கொண்டுபோயிருப்பான் என்று இவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அது களத்திலிருந்து விளிம்பில் நின்றபடி உருண்டது, பிணங்களைச் சுற்றிக்கொண்டு, வண்டிச் சக்கரங்களுக்கு நடுவில் புகுந்து, மேட்டில் ஏறி உருண்டு வந்து, ஒருவன் காலடியில் சுழன்று சுழன்று கவிழ்ந்து படுத்தது. அந்த ஒருவன் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். எடுத்துக் கொப்பரைமேல் வைத்தான், அளவு அச்சாகப் பொருந்தியது. பிறகு அடுப்புப் புகை ஏறிக் கறுத்தது.

மூடியின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். ஆவி அடிக்கும், பார்த்து. தட்டுப்படுகிறதா? ஆம், வளையம். கழற்றாத வளையம். உள்ளே சாப்பிடுகிறவர்கள் தினமும் அதன் கீழே வெந்ததைத்தான் குடிக்கிறார்கள். ஒரு சமையற்காரனுடைய மூடியைத் திருப்பிப் பார்க்க இந்த ஊரில் யாருக்குத் தோன்றும்? அல்கிப்போஸ் மட்டும் எப்போதாவது இந்தப் பக்கம் வந்து விரல் முட்டியால் அதைத் தட்டிவிட்டு, "கனமான மூடி," என்பான். "பழசு, ஐயா," என்பேன்.

என் கையை நான் இன்னும் அதற்குள் விட்டதில்லை. ஆசை இல்லை என்று சொன்னால் அதுதான் இந்தக் கதையில் முதல் பொய்யாக இருக்கும். பெரிலாஸுக்கு அது கழன்றது அவன் ஓடியதால். ஓட அவனுக்கு ஓர் ஆற்றங்கரை இருந்தது. நாங்கள் எங்கே ஓடுவது? எங்களில் ஒருவன் மாட்டினால் பிறகு அது கழலவே கழலாது. அதனால் அதற்கென்று ஒரு நாள் வரும்வரை இது மூடியாகவே இருக்கட்டும். இந்தத் தெருவில் இன்னும் எத்தனையோ கூடம், கூடத்துக்கு ஒரு கொப்பரை, கொப்பரைக்கு ஒரு மூடி. அதையெல்லாம் நான் தூக்கிப் பார்த்தவன் இல்லை.

பொழுது சாய்கிறது, மூட்டையைத் தூக்குங்கள், அதோ உங்களை வழியனுப்ப ஈட்டியோடு ஆள் வருகிறான். கடற்கரையில் போய் இந்தக் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் காற்று சொன்னது என்று சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், என் பெயர் உங்கள் வாயில் வரவே கூடாது. நல்லவேளை, இவ்வளவு நேரம் உட்கார்ந்தும் அதை நீங்கள் கேட்கவே இல்லை.